உள்ளுக்க இருந்தவருக்கு எவ்வளவு குடுத்தவங்கள்?

1939இல் வெளிவந்த ‘தி விசார்ட் ஒஃப் ஓஸ்’ படத்தில் ஒரு குட்டி நாய் வரும். அதற்கு வாரச் சம்பளம் 125 டொலர். அதே படத்தில் குள்ள மனிதர்கள் வாழும் ஊர் ஒன்றும் வரும். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அந்த ஊர்ச் சனமாக நடித்தார்கள். அவர்களில் பலர் சர்க்கஸிலும் மேடையிலும் ஆடிப் பிழைத்தவர்கள். அவர்களுக்கு ஆளுக்கு வாரம் 50 டொலர். கதாநாயகிக்கு லொலிபொப் நீட்டுகிற மூவரில் நடுவில் நிற்பவர் ஜெரி மாரன். 2018இல், 98 வயதில் இறந்தார். நாயின் சம்பளக் கணக்கைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தவர்களில் அவரும் ஒருவர். ஆட்களைத் திரட்டிக் கொடுத்த லியோ சிங்கர் என்ற முகவர் பாதியைத் தன் பையில் போட்டுக்கொண்டார் என்பது அவர்களுடைய அடுத்த மனக்குறை.

ஆசைமாமாவிடம் இதைச் சொன்னேன். போட்டோக் கொப்பி மெசினுக்குப் பேப்பர் அடுக்கிக்கொண்டிருந்தவர் நிமிராமலே கேட்டார்.

“நாய்க்குச் சாப்பாடு புறம்பாவோ, சம்பளத்துக்குள்ளயோ?”

ஆசைமாமா அம்மாவின் கடைசித் தம்பி. நாலடிக்கு ஒரு விரற்கடை குறைவு. கிளிநொச்சிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறார். ரீலோட், போட்டோக் கொப்பி, அப்பியாசக் கொப்பி, போன் கவர் எல்லாம் கிடைக்கும். மேசைக்குப் பின்பக்கம் பலகை அடித்து நிலத்தை உயர்த்தியிருக்கிறார். அதில் ஏறி நின்றால், வருகிறவரின் கண்ணுக்கு நேரே அவருடைய கண் இருக்கும். புது ஆட்கள் காசைக் கொடுத்து, மிச்சம் வாங்கி, நாட்டு நடப்பும் கதைத்துக்கொண்டு நிற்பார்கள். ஏதாவது எடுக்க அவர் பலகையை விட்டு இறங்கி முன்பக்கம் வந்தால் கதை அந்தரத்தில் நின்றுவிடும். அந்த இரண்டு விநாடியை அவர் ரசிக்கிறார் என்றுதான் நான் நினைக்கிறேன். பழகிய சனத்திடம் அது கிடைக்காது.

ஊர் அவரிடம் வாழ்நாள் முழுக்கக் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. “நீர் ஏன் ஒரு சேர்க்கஸில சேரேல்லை?” கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் சர்க்கஸைக் கண்ணால் கண்டதே இல்லை. எங்கள் பக்கத்துக்குக் கானிவல் வரத் தொடங்கியதே சண்டை முடிந்த பிறகுதான். அதுவும் மரணக்கிணற்றில் மோட்டச்சைக்கிள் ஓட்டுகிற தெற்குப் பெடியளோடு வந்து போகும். சர்க்கஸ் என்றால் எங்கள் ஆட்களுக்குப் படத்தில் பார்த்ததுதான். அந்தப் படத்தைப் போட்டுக் காட்டியதே ஆசைமாமா என்பதுதான் இதில் உள்ள பகிடி.

1997இல் ஆமி வன்னிக்குள் தொடங்கிய ஜெயசிக்குறுச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். யாழ்ப்பாணத்திலிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் இடம்பெயர்ந்த சனம் மல்லாவியில் நிரம்பி வழிந்தது. கரண்ட் கிடையாது. ஆசைமாமாவிடம் ஒரு பழைய ரீவி, ஒரு வீடியோ டெக், ஒரு சின்ன ஜெனறேற்றர். ஸ்ராட் பண்ண மட்டும் போத்தல் மூடியளவு பெற்றோல், எஞ்சின் சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார். மண்ணெண்ணெய்ப் புகை கொட்டிலுக்குள் வராமல் இருக்க ஜெனறேற்றரை வளவின் மூலையில் கிடங்கு வெட்டி இறக்கியிருப்பார். மேலே தறப்பாள், கீழே படங்கு. எந்தப் படம் போடலாம், எது போடக்கூடாது என்ற கட்டுப்பாடு வேறு. வாசலில் காசு வாங்குகிறவரும் அவர்தான். இருட்டில் முன்னால் யார் நின்றாலும் மறைக்கும் என்பதால் ரீவிக்குப் பக்கத்தில் முக்காலியில் குந்தியிருப்பவரும் அவர்தான். படம் கீறல் விழுந்தால் வெள்ளைத் துணியில் ஓடிக்கொலோன் தொட்டு ஹெட்டைத் துடைப்பார்.

அங்கேதான் ‘அபூர்வ சகோதரர்கள்’ ஓடியது. 1989இல் வந்த படம் எங்களிடம் வந்து சேர இத்தனை வருசம். கமல்ஹாசன் சர்க்கஸ் கோமாளி அப்புவாக வருவார். காலை முழங்காலோடு மடித்துக் கட்டி, முழங்காலில் சப்பாத்து மாட்டி நடித்தார் என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். அன்று எங்களுக்குத் தெரியாது. சனம் ரீவியைப் பார்ப்பதும் ஆசைமாமாவைப் பார்ப்பதுமாக இருந்தது. கொஞ்சக் காலம் பெடியள் அவரை அப்பு என்றே கூப்பிட்டார்கள். அவர் அதற்குக் கோபப்பட்டதாக எனக்கு நினைவில்லை. கடன் சொல்லிப் படம் பார்த்தவன் அப்படிக் கூப்பிட்டால் மட்டும், “அப்புவுக்குத் தரவேண்டிய காசு எங்க?” என்பார்.

சனம் போன பிறகு அதே கசெற்றைத் திரும்ப ஓட விடுவார். டெக்கைப் போஸில் விட்டால் ஹெட் தேய்ந்துபோகும் என்று மற்றவர்களை ஏசுகிறவர், சர்க்கஸ் காட்சிகளில் தானே போஸ் பண்ணுவார். கமலைப் பார்க்கமாட்டார். கமலுக்குப் பின்னால் நிற்கிற உண்மையான குள்ள மனிதர்களை, நடுங்குகிற திரைக்கு முகத்தைக் கிட்டக் கொண்டுபோய், ஒவ்வொருவராகப் பார்ப்பார். “இந்தாள் கெட்டிக்காரன். கையைப் பார், தாளம் பிசகேல்லை.” “இவருக்கு இடுப்பு நோகுது போல.” எனக்கு அப்போது பத்து வயதும் இல்லை. கதாநாயகனை விட்டுவிட்டு இவர் ஏன் பின்னால் நிற்பவர்களைப் பார்க்கிறார் என்று எரிச்சலாக இருக்கும்.

அப்புவின் சோகம் என்ன? சர்க்கஸ் முதலாளியின் மகள் தன்னை விரும்புகிறாள் என்று நம்புவதுதான். அவள் இன்னொருவனைக் கட்டப் போகிறாள் என்று தெரியும்போது அவன் நொறுங்கிப் போகிறான். இதற்கு 57 வருசத்துக்கு முன்னால், 1932இல், ‘ஃப்ரீக்ஸ்’ என்று ஒரு ஹொலிவூட் படம் வந்தது. அதில் ஹான்ஸ் என்ற குள்ள மனிதன் ஊஞ்சலில் ஆடுகிற உயரமான சர்க்கஸ்காரியில் மயங்குகிறான். அவள் சொத்துக்காக அவனைக் கட்டி, நஞ்சு வைக்கப் பார்க்கிறாள். பிரித்தானியாவில் அந்தப் படத்துக்கு 30 வருசத் தடை. ஹொலிவூட்டுக்கும் கோடம்பாக்கத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாவிட்டாலும், குள்ள மனிதனுக்கு ஒரு கதை எழுதச் சொன்னால் எழுதுகிறவர்களின் கை ஒரே இடத்துக்குத்தான் போகிறது. நெட்டைப் பெண், நடக்காத காதல், கண்ணீர். மாமியிடம் இதைச் சொன்னேன். மாமி ஆசைமாமாவைவிட ஒரு முழம் உயரம், சண்டை முடிந்த பிறகு விரும்பிக் கட்டியவர். “அந்தப் பெட்டைக்கு வேற ஆளைப் பிடிச்சதில என்ன பிழை?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். நியாயமான கேள்வி.

ஹான்ஸாக நடித்தவர் ஹரி ஏர்ள்ஸ். 1902இல் ஜேர்மனியில் குர்ட் ஷ்னைடர் என்ற பெயரில் பிறந்தவர். சகோதரங்களில் இவரோடு சேர்த்து நாலு பேர் உயரம் குறைந்தவர்கள். நாலு பேருமே அமெரிக்காவுக்குப் போய் ரிங்ளிங் சகோதரர்களின் சர்க்கஸில் பல வருசம் ஆடினார்கள். அந்தப் படத்தில் ஹான்ஸ் கைவிடுகிற காதலியாக நடித்தவர் அவருடைய சொந்தத் தங்கை டெய்சி என்பதை அறிந்தபோது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. வேறு ஆள் கிடைக்கவில்லையா? கடைசியில் புளோரிடாவின் சரசோட்டாவில், தங்கள் உயரத்துக்கு ஏற்ற தளபாடங்களோடு வீடு வைத்து ஒன்றாகவே வாழ்ந்தார்கள். ஹரி 1985இல் இறந்தார்.

நான் அதிகம் தேடித் தேடி வாசித்தது இன்னொருவரைப் பற்றி. கெனி பேக்கர். 1934இல் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில் பிறந்தவர். தாயும் தகப்பனும் சாதாரண உயரம். இவர் வளர்ந்து நின்றது 3 அடி 8 அங்குலத்தில். படம் வரைகிற தொழிலுக்குப் போகத்தான் ஆசைப்பட்டார், படிக்கக் காசில்லை. பதினாறு பதினேழு வயதில் தெருவில் போய்க்கொண்டிருந்தவரை ஒரு பெண் மறித்து, உயரம் குறைந்தவர்களின் மேடைக் குழுவில் சேர விருப்பமா என்று கேட்டார். பேக்கர் போய்ச் சேர்ந்தார். கொஞ்சக் காலம் சர்க்கஸ். பிறகு பனிச்சறுக்கு பழகி, பனித்தரையில் ஆடுகிற பெரிய காட்சிகளில் நடித்தார். பிறகு ஜாக் பேர்விஸ் என்ற, தன்னைப் போலவே உயரம் குறைந்த நண்பரோடு சேர்ந்து இசையும் நகைச்சுவையும் கலந்த ஒரு நிகழ்ச்சி. இரவு விடுதிகளில் நல்ல வரவேற்பு.

அந்த நேரத்தில்தான் ஜோர்ஜ் லூக்காஸ் ஆள் தேடினார். உருளைப் பெட்டி மாதிரி ஒரு ரோபோ, அதற்குள் இருந்து அதை ஆட்டி அசைக்க ஒரு சின்ன மனிதர் வேண்டும். பேக்கர் முடியாது என்றார். அவரும் பேர்விஸும் அப்போது ஒரு தொலைக்காட்சித் திறமைப் போட்டியில் முன்னுக்கு வந்துகொண்டிருந்தார்கள். நான் ஒரு பெட்டிக்குள் போய் இருந்தால் என் கூட்டாளி என்ன செய்வான்? கடைசியில் பேர்விஸுக்கும் படத்தில் வேடம் கொடுத்த பிறகே ஒத்துக்கொண்டார். 1977இல் ‘ஸ்டார் வோர்ஸ்’ வந்தது. ஆர்டூ-டீடூ என்ற அந்த ரோபோவை அறியாத பிள்ளை இன்று உலகத்தில் குறைவு. அதற்குள் இருந்தவரின் முகத்தை அறிந்தவர்களும் குறைவு. துனீசியப் பாலைவன வெயிலில், தகரத்துக்குள், வெளியே என்ன கதைக்கிறார்கள் என்றுகூடச் சரியாகக் கேட்காமல் இருந்து நடித்திருக்கிறார்.

இதைக் கேட்டபோது ஆசைமாமாவுக்குப் பெட்டி பெரிதாகப் படவில்லை. கூட்டாளிக்காக மறுத்ததுதான் அவருக்குப் பிடித்தது. “அதுதான் தொழில் தெரிஞ்ச ஆள். தேவை அவங்களுக்குத்தானே.” பிறகு ஒரு யோசனை. “உள்ளுக்க இருந்தவருக்கு எவ்வளவு குடுத்தவங்கள்?”

நான் அவருடைய கடைசிக் காலத்தைச் சொன்னேன். உலகம் முழுக்க ரசிகர்கள் கூடுகிற விழாக்களுக்கு பேக்கரைக் கூப்பிட்டார்கள். மேசை போட்டு உட்காருவார். அவருடைய முகத்தைப் படத்தில் ஒரு விநாடிகூடக் காணாத சனம் வரிசையில் நின்று, காசு கொடுத்து, கையெழுத்து வாங்கிப் போகும். மனைவி ஐலீனும் உயரம் குறைந்தவர், நடிகை. 1970இல் கட்டினார்கள், 1993இல் அவர் இறக்கும்வரை ஒன்றாக வாழ்ந்தார்கள். இரண்டு மகன்கள், இருவரும் சாதாரண உயரம். பேர்விஸ் 1991இல் நடந்த ஒரு கார் விபத்தில் உடம்பு இயங்காமல் போய், 1997இல் இறந்தார். பேக்கர் 2016 ஆகஸ்டில், 81 வயதில். முதலாளி மகளுக்காக அழுத கதை ஒன்றும் அதில் இல்லை.

இதைச் சொல்லி முடித்தபோது ஆசைமாமா சொன்னதை நான் பல நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். “இஞ்ச பார் பிள்ளை, ஊர் என்னைப் பிறந்ததில இருந்து பாக்குது. ஒருத்தனும் ஒரு சதம் தரேல்லை. சேர்க்கஸில ரிக்கற் எடுத்தெல்லோ பாக்கிறாங்கள்.”

சர்க்கஸைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டு கட்சி. ஒன்று, ஐயோ பாவம், மனிதரைக் காட்சிப்பொருளாக்கினார்கள் என்று அழும். மற்றது, அவர்களுக்கு அங்கே மகிழ்ச்சிதான், ஒரு குடும்பம் மாதிரி என்று சிரிக்கும். இரண்டுமே கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்காத கட்சிகள். பார்க்கப்படுவதைத் தடுக்க முடியாத ஒரு மனிதருக்கு, அந்தப் பார்வைக்குக் கூலி கிடைத்த முதல் இடம் சர்க்கஸ். அந்தக் கூலியில் கை வைத்தவன் யார், வேண்டாம் என்றால் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. லியோ சிங்கரின் ஆட்களும் ஆடினார்கள், கெனி பேக்கரும் ஆடினார். ஒருவர் பேரம் பேசினார், மற்றவர்களுக்காக வேறு யாரோ பேசினார்கள்.

பிரான்ஸில் மனுவல் வாக்கன்ஹைம் என்று ஒருவர். பஞ்சு வைத்த உடுப்புப் போட்டு, இரவு விடுதிகளில் தன்னைத் தூக்கி எறிய விட்டு, மெத்தையில் விழுந்து சம்பாதித்தவர். மனித மாண்புக்கு இழுக்கு என்று ஒரு நகர மேயர் அதைத் தடை செய்தார். 1995இல் நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் தடை சரி என்றது. வாக்கன்ஹைம் ஐ.நா. மனித உரிமைக் குழுவரைக்கும் போனார். எனக்கு வேலை இருப்பதுதான் என் மாண்பு, அதைத்தான் நீங்கள் பறித்தீர்கள் என்பது அவருடைய வாதம். 2002இல் அங்கேயும் தோற்றார். எறிவதைப் பார்க்க எனக்கு வயிற்றைப் பிசைகிறது. ஆனால் தடை போட்டவர்கள் அந்த மனிதருக்கு அடுத்த நாள் என்ன வேலை கொடுத்தார்கள் என்ற கேள்வியும் விடுவதாயில்லை. ஆசைமாமாவுக்கு இதில் இரண்டாம் கருத்தே இல்லை. “தூக்கிறதெண்டால் கேட்டுத் தூக்கோணும். அந்தாளைக் கேட்டுத்தானே தூக்கினவங்கள்.”

தூக்குவது அவருக்குப் பெரிய விசயம். சின்ன வயதிலிருந்தே கண்டவனெல்லாம் கேட்காமல் அவரைத் தூக்கியிருக்கிறான். பஸ்ஸில் ஏற, திண்ணையில் ஏற, கோயிலில் சாமி பார்க்க. வளர்ந்து மீசை முளைத்த பிறகும், பிள்ளையைத் தூக்குவது போல அக்குளுக்குள் கை கொடுத்து. வற்றாப்பளைப் பொங்கலில் அப்படித் தூக்கிய ஒருவருக்கு அவர் கன்னத்தில் அறைந்தது எங்கள் குடும்பத்தில் பிரசித்தம். அம்மன் கோயிலில் கை நீட்டியதற்காக அம்மம்மா நேர்த்தி வைத்துக் கழித்தார்.

பாவம் அம்மம்மா. கடைசிமட்டும் தன்னிலேயே பிழை போட்டுக்கொண்டிருந்தவர். வயிற்றில் பிள்ளையோடு கிரகண நேரத்தில் வெளியில் போனாராம், அதனால்தானாம். ஆசைமாமாவின் நிலைக்கு ஒரு பெயர் இருக்கிறது, அகொன்ட்ரோபிளேசியா என்று ஒரு டொக்டர் சொன்னது சண்டைக்குப் பிறகுதான். எலும்பின் வளர்ச்சிக்குக் கடிவாளம் போடுகிற எஃப்ஜிஎஃப்ஆர்3 என்ற மரபணுவில் ஒரேயொரு எழுத்து மாறிப்போவது. 1994இல்தான் கண்டுபிடித்தார்கள். இப்படிப் பிறப்பவர்களில் சுமார் 80 வீதத்தினரின் பெற்றோர் சாதாரண உயரம்தான். மாற்றம் புதிதாக நேர்வது, தகப்பனின் வயது கூடக் கூட அதற்கான வாய்ப்பும் கூடுகிறது. அம்மப்பா ஐம்பதை நெருங்கியபோது பிறந்தவர் ஆசைமாமா. கிரகணத்துக்கு ஒரு பங்கும் இல்லை. இதைக் கேட்க அம்மம்மா இருக்கவில்லை. அறிவுக்கு ஒன்றும் செய்யாத இந்த மாற்றம், முள்ளந்தண்டின் குழாயை ஒடுக்கிவிடும். வயது போகப் போகக் கால் விறைக்கும். சர்க்கஸ் கோமாளி சனத்தைச் சிரிக்க வைக்கக் குப்புற விழுகிற ஒவ்வொரு விழுகையும் அந்த ஒடுங்கின குழாயில்தான் போய் இறங்குகிறது. “இவருக்கு இடுப்பு நோகுது போல” என்று டெக்கை நிறுத்தி அவர் சொன்னதன் பொருள் எனக்கு இப்போதுதான் ஏறுகிறது.

25,000 பிறப்புக்கு ஒன்று என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. ஒரு லட்சத்துச் சொச்சம் சனமுள்ள கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடும். தன்னைப் போல இன்னொருவரைக் காணாமலே பாதி வயது போய்விடும். சர்க்கஸ் கொடுத்த இரண்டாவது கூலி இதுதான் என்று நினைக்கிறேன். கூடாரத்துக்குள் போனால் உன் உயரத்தில் நாலு பேர். அமெரிக்க நடிகர் பில்லி பார்ட்டி 1957இல் உயரம் குறைந்தவர்களை நெவாடாவின் ரீனோ நகரத்துக்குக் கூப்பிட்டபோது வந்தவர்கள் இருபது பேரளவில். அந்தக் கூட்டம்தான் பிறகு அவர்களுடைய தேசிய அமைப்பாக வளர்ந்தது.

ஆசைமாமா தன் உயரத்தில் இன்னொருவரை முதன்முதலில் கண்டது 2009இல், இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில், தண்ணீர் வரிசையில். நடுத்தர வயதுப் பெண் ஒருவர், கையில் இரண்டு வாளி. “நானும் வாயைப் பிளந்துகொண்டு சும்மா பாத்தன் பிள்ளை. அவ என்னைத் திரும்பிப் பாத்திட்டு, ‘என்ன, முன்னப்பின்ன ஆக்களைக் கண்டதில்லையோ?’ எண்டா.” சொல்லிவிட்டு ஒரு மூச்சுச் சிரித்தார்.

அதற்கு முந்தின மாதங்களைப் பற்றி அவர் அதிகம் கதைப்பதில்லை. மல்லாவி, கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, தேவிபுரம், மாத்தளன் என்று எல்லோரும் போன அதே பாதை. ரீவியும் டெக்கும் விசுவமட்டில் ஒரு வளவுக்குள் தாழ்த்தது தாழ்த்ததுதான். பங்கருக்குள் எல்லோரும் முதுகு வளைத்துக் குந்தியிருக்க, அவர் ஒருவர் மட்டும் நிமிர்ந்து நின்று உள்ளே பிள்ளைகளுக்கு பேக்கரின் பெட்டிக் கதை மாதிரி ஏதோ ஒரு படக்கதை சொல்வாராம், குரல் மாற்றி. ஏப்ரலில் சனம் மாத்தளன் களப்பைக் கடந்தபோது தண்ணீர் மற்றவர்களுக்கு நெஞ்சளவு. அவரை ஒரு பெடியன் தோளில் ஏற்றிக் கொண்டுவந்தான். முன்பின் தெரியாதவன். “தூக்கட்டோ ஐயா எண்டு கேட்டவன்” என்பதை மட்டும் ஒவ்வொரு முறையும் சொல்வார்.

பிறகு உதவித் திட்டங்கள் வந்தன. ஒரு நிறுவனத்தின் படிவம் நிரப்ப வந்த பெடியன், இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பேனையோடு தடுமாறினான். காயமடைந்த இடம், காயமடைந்த திகதி, எந்த ஆயுதம் என்று கட்டங்கள். கையும் காலும் இழந்தவர்கள் நிறைந்த மண்ணில் அந்தப் படிவம் அப்படித்தான் இருக்கும், அதில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆசைமாமாதான் உதவினார். “பிறந்த திகதியையே போடுங்கோ தம்பி.” அந்த உதவி வரவில்லை. கடை மாமியின் சங்கிலியை அடகு வைத்துத் தொடங்கியது.

நடுவில் ஒருமுறை கேரளத்துக் கின்னஸ் பக்ருவைப் பற்றிச் சொன்னேன். 76 சென்ரிமீற்றர் உயரம். மிமிக்ரி மேடையில் தொடங்கியவர். 2005இல் ‘அத்புத த்வீபு’ படத்தில் கதாநாயகன். ‘டிஷ்யூம்’, ‘ஏழாம் அறிவு’ வழியாக எங்கள் ஆட்களுக்கும் தெரிந்த முகம். ‘ஏழாம் அறிவு’ கதையிலும் அவர் சர்க்கஸ்காரர்தான், விட்டபாடில்லை. 2013இல் அவரே ஒரு படத்தை இயக்கினார் என்றதும் ஆசைமாமா கண்ணாடியைக் கழற்றினார். “இயக்கினவரோ? அப்ப மற்ற ஆக்களுக்கு எவ்வளவு சம்பளம் எண்டு அவரும் சொல்லியிருப்பார்.” அன்று பின்னேரம் முழுக்க நல்ல சந்தோசத்தில் இருந்தார்.

இப்போது எங்கள் பக்கம் புதிய கூடாரம் ஒன்று வந்திருக்கிறது. யூரியூப். கஷ்டப்பட்ட வீடுகளைத் தேடிக் கமெராவோடு வருகிறார்கள். ஓலைக்கூரையைக் கிட்டக் காட்டி, பின்னால் புல்லாங்குழல் போட்டு, வெளிநாட்டு உறவுகளே என்று தொடங்குகிறார்கள். சிலர் உண்மையாகவே வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், மறுக்கவில்லை. அப்படி ஒருவர் ஆசைமாமாவின் கடைக்கும் வந்தார். பலகையிலிருந்து இறங்கி முன்னால் வந்து நில்லுங்கோ அப்பா, அப்பத்தான் வியூஸ் வரும் என்றார். ஆசைமாமா இறங்கவில்லை.

“வியூஸுக்குக் காசு வருமெல்லோ?”

“கொஞ்சம் வரும்.”

“அதில எனக்கு எவ்வளவு?”

உங்களுக்கு உதவி வருமே என்றார் அவர். உதவி உதவிதான், கூலி கூலிதான், ரெண்டையும் ஒரு கணக்கில எழுதாதையும் என்று இவர் சொல்ல, அந்தப் பிள்ளை ஒரு ரீலோட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். மாமிக்குக் கோபம். வருகிற ஐயாயிரத்தையும் வாயால் கெடுத்தாராம்.

இந்த வருசம் சிறுபோகம் விதைத்த நேரத்தில் வேறு பெடியள் வந்தார்கள், குறும்படம் எடுக்க. இவர்கள் பரவாயில்லை, எழுத்தோடு வந்தார்கள். ஆசைமாமா கண்ணாடி போட்டு முழுவதும் வாசித்தார். அவருடைய பாத்திரத்துக்குப் பெயர் இல்லை. வரம்பில் வருகிறார், வழுக்கிச் சேற்றில் விழுகிறார், கதாநாயகன் சிரிக்கிறான், இவரும் எழும்பிச் சிரிக்கிறார். அதோடு முடிந்தது. அவர் கதையில் கை வைக்கவில்லை. மூன்று விசயம் கேட்டார். ஒரு பெயர் வைக்கவேண்டும். கடையைப் பூட்டிவிட்டு வருவதால் நாள் கூலியும் சாப்பாடும் வேண்டும். மூன்றாவது, விழுவது எத்தனை தரம் எடுப்பீர்கள்? சரி வரும்வரைக்கும் எடுப்போம் ஐயா என்றான் இயக்குநர் பெடியன். அப்படியென்றால் ஒவ்வொரு விழுகைக்கும் புறம்பாகக் காசு, எழுத்தில் தரவேண்டும் என்று சொல்லியனுப்பினார்.

பெயருக்கு உடனே சம்மதித்துவிட்டார்கள். கூலிக்கும் சாப்பாட்டுக்கும் பிரச்சினை இல்லை. நேற்று அந்தப் பெடியன் போன் எடுத்து, விழுகிற காட்சியைத் தூக்கிவிடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னானாம்.

“காட்சி இருக்கட்டும் தம்பி. விலையைச் சொல்லும்” என்றிருக்கிறார் ஆசைமாமா.